முகத்துல ஒரு திட்டு... போகவே மாட்டேங்குதா?

ஆறு மாதம் ஆகியும் மறையாத புள்ளிக்கு என்ன காரணம்? ஒரு சித்த மருத்துவர் விளக்குகிறார்

கையில் ஒரு படை வந்தால் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்ளலாம். முதுகில் வந்தால் நமக்கே தெரியாது. ஆனால், முகத்தில் எட்டணா அளவுக்கு ஒரு திட்டு வந்துவிட்டால்..?

பால் ஊற்ற வருபவர் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசையிலிருந்து, "என்னம்மா இது கன்னத்துல?" என்று ஒரு சித்தி கேட்பார். கேட்பதோடு விடுவார்களா? ஆளுக்கு ஒரு வைத்தியம் வேறு! ஒருவர் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்வார். இன்னொருவர் கடையில் ஒரு ட்யூப் பெயரை எழுதிக் கொடுப்பார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் நல்ல டாக்டரா பாரு, அது வேற எதுவுமா இருக்கப் போகுது" என்று வயிற்றில் புளியைக் கரைப்பார்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் வட்டாரத்தில் முப்பது வருடத்துக்குப் பக்கமாக வைத்தியம் பார்க்கிறேன். நூற்பாலைத் தொழிலாளி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், மாந்தோப்பில் வேலை செய்கிறவர், பால்கோவா கிண்டுகிறவர் என்று எல்லாரும் வருவார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் நிறையப் பேர். கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை! இவர்களில் முகத்தில் திட்டோடு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எதனால வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. முகத்தில் வரும் திட்டுக்குக் காரணங்கள் ஒரு டஜனுக்கு மேல். பெரும்பாலானவை பயப்படத் தேவையில்லாதவை. ஒன்றிரண்டு, தாமதித்தால் ஆபத்தானவை. எது எது என்று ஓரளவு தெரிந்துகொண்டால் வீண் பயமும் போகும், வீண் அலட்சியமும் போகும்.

முதலில் நிறம்... அப்புறம் தொடுதல்!

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் தோல் நோய்க்கு நிறமும் ஸ்பரிசமும் முக்கியம். ஸ்பரிசம் என்றால் தொட்டுப் பார்ப்பது.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் கண்ணாடியோடு உட்காருங்கள். ட்யூப் லைட்டில் பார்க்கக்கூடாது. பக்கத்துத் தோலைவிடத் திட்டு வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா? ஓரம் கோடு போட்ட மாதிரி தெளிவாக இருக்கிறதா, மங்கலாகக் கரைந்து போகிறதா? நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி உதிர்கிறதா? அரிப்பு உண்டா? தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? ஒரு கன்னத்தில் மட்டுமா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது!

வெளுத்த திட்டு: எல்லாம் தேமல் இல்லை

முகத்தில் வெளுப்பாக எது வந்தாலும் நம் ஊரில் பெயர் தேமல்தான். உண்மையான தேமலுக்குக் காரணம் ஒரு வகைப் பூஞ்சை. அது வெளியிலிருந்து வருவதல்ல. எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருப்பதுதான். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும்போது பெருகிவிடும். சுரண்டினால் மெல்லிய பொடி உதிரும். கழுத்து, மார்பு, முதுகிலும் சேர்ந்து இருக்கும். பூஞ்சை மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படும்.

ஆனால், இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பூஞ்சை இரண்டு மூன்று வாரத்தில் அடங்கினாலும், தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். "மருந்து போட்டும் போகலியே" என்று மருந்துக்கு மேல் மருந்து மாற்றுகிறவர்கள் பலர். நோய் போய்விட்டது, தடம்தான் மிச்சம். பொறுமை வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கன்னத்தில் வட்டமாக, ஓரம் தெளிவில்லாமல், லேசாக வறண்ட வெளுப்புத் திட்டு வரும். "வயித்துல பூச்சி இருக்கு" என்று பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. இது வறண்ட தோலின் சேட்டை. வெயிலில் மற்ற இடம் கறுக்கும்போது இந்த இடம் கறுக்காததால் பளிச்சென்று தெரிகிறது. குளித்தவுடன் ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவி, காரமான சோப்பை நிறுத்தினாலே போதும். சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில், தானே மறையும்.

பால் வெள்ளையா? ஸ்டிக்கர் பொட்டைப் பாருங்கள்!

திட்டு சுண்ணாம்பு மாதிரி, பால் மாதிரி வெள்ளையாக, ஓரம் தெளிவாக, பொடி உதிராமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். உதட்டோரம், கண்ணோரம் அடிக்கடி ஆரம்பிக்கும். தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழிப்பதால் வருகிறது. இது தொற்றாது. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதும் உண்மையல்ல. 'வெண்குஷ்டம்' என்ற பழைய பெயரால் இதைக் குஷ்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. அந்தச் சொல்லை இனி நாம் பேச்சிலும் விட்டுவிடவேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து இருக்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நெற்றியில், பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கிறதா? ஸ்டிக்கர் பொட்டின் பின்புறப் பசையில் இருக்கும் ஒரு வகை பீனால் ரசாயனம் நிற அணுக்களைக் கொன்றுவிடும். பொட்டு அளவுக்கே வெள்ளை விழும். தொடர்ந்து ஒட்டினால் சுற்றியும் பரவலாம். பார்த்த அன்றைக்கே ஸ்டிக்கரை நிறுத்தவேண்டும். "பொட்டில்லாம எப்படிங்க?" என்று கேட்கும் பெண்களுக்கு நான் சொல்வது: வெளுத்த இடத்தை விட்டுத் தள்ளி, மஞ்சளில் செய்த நல்ல குங்குமம் வைத்துப் பாருங்கள். அதிலும் அரித்தால் கொஞ்ச நாளைக்கு நெற்றி சும்மா இருக்கட்டும். சுமங்கலிக்கு ஒன்றும் வந்துவிடாது!

குங்குமத்திலும் ஒரு எச்சரிக்கை. மஞ்சளோடு சுண்ணாம்பு, படிகாரம் போன்றவை சேர்த்துச் செய்வது பழைய முறை. மலிவாக விற்கும் பலவற்றில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறது. அது நெற்றியில் அரிப்பையும், பிறகு கரும்பழுப்புத் தடத்தையும் உண்டாக்கும். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைக் குன்றுக்குப் போய்வந்த பிறகு, நாமத்தின் சிவப்புக் கோடு நின்ற இடமே அரித்துக் கறுத்துப்போச்சு என்று ஆண்களும் வருகிறார்கள். குறை பெருமாள் பேரில் இல்லை, சாயத்தில்!

மரத்துப்போன திட்டு: மறந்தும் விடாதீர்கள்

வெளுத்த அல்லது செம்பு நிறத் திட்டில் மறக்கக்கூடாத ஒன்று தொழுநோய். "அதெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சே!" என்பீர்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது உண்மை. ஒழிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. 2023-லும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உலகக் கணக்கில் இது பாதிக்கு மேல்!

என்னிடம் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். முப்பது வயதுக்குள். இடது கன்னத்தில் லேசாகச் சிவந்த, வறண்ட திட்டு. பத்து மாதமாக இருக்கிறது. முதலில் தேமல் என்று கடை மருந்து. பிறகு அக்கி என்று குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதியிருக்கிறார்கள். அக்கி என்பது வைரஸ் தொற்று. எழுதினாலும் எழுதாவிட்டாலும் மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும். பத்து மாதம் நிற்பது அக்கியே அல்ல.

பஞ்சை மெல்லிய திரியாக்கிக் கன்னத்தில் தொட்டேன். கண்ணை மூடியபடியே, "இங்க தொடுறீங்க" என்று சரியாகச் சொன்னார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால், முகத்தில் நரம்புகள் மிக அதிகம். அதனால் தொழுநோய்த் திட்டிலும் முகத்தில் மட்டும் உணர்ச்சி கொஞ்சம் மிச்சமிருக்கும். இந்த விவரம் தெரியாததால்தான் முகத்துத் திட்டு தப்பிவிடுகிறது. "தம்பி, சட்டையைக் கழட்டுங்க" என்றேன். முன்கையில் ஒரு திட்டு. அங்கே பஞ்சு பட்டதே தெரியவில்லை. காது மடல் தடித்திருந்தது. முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு கயிறு மாதிரி விரலில் தட்டுப்பட்டது. சுண்டு விரலில் பலம் குறைய ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பரிசோதனையில் உறுதியானது. அந்த அம்மா திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி: "சாமி, அவன் சோத்துத் தட்டைத் தனியா வைக்கணுமா?"

"வேண்டாம் தாயி. ஒரே சட்டியில சமைச்சு, ஒரே இலையில போடுங்க. மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விடாதீங்க" என்றேன்.

வாசகர்களும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். இது ஒரு கிருமியால் வரும் நோய். 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். சாபமுமில்லை, பரம்பரையுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. கிருமி புகுந்து அடையாளம் தெரிய ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகலாம். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. திட்டு ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக ஆறு மாதம், அதற்கு மேல் இருந்தாலோ நரம்புகள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தாலோ பன்னிரண்டு மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மருந்து ஆரம்பித்துவிட்டால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு சீக்கிரமே நின்றுவிடுகிறது.

அந்தத் தம்பி நாலாவது மாதம் மறுபடி வந்தார். "முகமெல்லாம் கறுத்துப்போச்சுங்கய்யா. மாத்திரையை நிறுத்திரவா?" என்றார். கூட்டு மருந்தில் ஒன்றுக்குத் தோலைக் கறுக்கச் செய்யும் குணம் உண்டு. மருந்து முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். இது தெரியாமல் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் திரும்பி வரும், மடங்கிய விரல் தானாகத் திரும்பாது. அவர் முழுதாக ஒரு வருடம் சாப்பிட்டு முடித்தார். கை பிழைத்தது.

இன்னொன்று. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று இருந்த சட்டப் பிரிவுகளை 2019-ல் நீக்கிவிட்டார்கள். சட்டமே மாறிவிட்டது, நம் மனசு மாறவேண்டாமா?

கறுத்த திட்டு: மங்கும், மங்கு சனியும்!

முப்பதைத் தாண்டிய பெண்களில் பலர் கேட்பது மங்கு பற்றித்தான். இரண்டு கன்னம், மூக்குத் தண்டு, நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்பாகப் படரும். மங்கு சனி நடப்பதால் வந்தது என்று விளக்குப் போடுகிறவர்களும் உண்டு. போடுங்கள், தப்பில்லை. ஆனால், இந்த மங்குக்குக் காரணம் சனி அல்ல, ஞாயிறு! அதாவது சூரிய வெளிச்சம். அதோடு கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை வாகு, இவையெல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆண்களுக்கும் வரும்.

மங்கு உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிடிவாதக்காரர். வெயிலை மறைக்காமல் எந்த மருந்து போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். காலை பத்து முதல் மாலை நாலு வரை குடை அவசியம். டூ வீலரில் போகிறவர்கள் முகத்தைப் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வெயில் தடுப்புக் களிம்பை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போடவேண்டும். லேசான தோல் நிறம் கலந்த களிம்பு மங்குக்கு இன்னும் நல்லது. நிறம் குறைக்கும் மருந்துகளைத் தோல் டாக்டர் சொல்லும் வாரக்கணக்கில் மட்டுமே போடவேண்டும். வருடக்கணக்கில் போட்டால் அதுவே நிரந்தரக் கறுப்பைக் கொண்டுவரும்.

நெற்றிப் பொட்டு, கன்ன ஓரம், பிடரி ஆகியவை வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு உடம்பு எழுதும் கடிதம்! எடையையும் சர்க்கரையையும் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகும் இளம்பெண்கள் சினைப்பைக் கட்டிக்கும் பரிசோதிக்கவேண்டும். எடை குறையக் குறையக் கறுப்பும் குறையும்.

காது ஓரம், நெற்றி ஓரம், கழுத்து என்று சாம்பலும் நீலமும் கலந்த கறுப்பு படர்ந்தால், முதல் சந்தேகம் தலைச்சாயத்தின் மேல். நரையைக் கறுப்பாக்கும் சாயங்களில் உள்ள ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. திருவிழாக் கடைகளில் நிமிஷத்தில் கறுக்கிற 'கறுப்பு மருதாணி'யிலும் இதே ரசாயனம் கலக்கிறார்கள். நல்ல மருதாணி செந்நிறம்தான் தரும். கறுப்புத் தராது.

மச்சம் மாதிரி, ஆனால் மச்சம் இல்லை

ஐம்பது வயதுக்கு மேல், மூக்கின் ஓரம், கண் இமைக்குக் கீழே, முத்து மாதிரி பளபளப்பான ஒரு சிறு மேடு. நம் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாக இருப்பதால், "புதுசா மச்சம் வந்திருக்கு, அதிர்ஷ்டம்" என்று இருந்துவிடுவார்கள். நடுவில் புண்ணாகும். பொருக்கு கட்டும், உதிரும், லேசாக ரத்தம் வரும், மறுபடி பொருக்கு கட்டும். ஆறிவிட்ட மாதிரி இருக்கும், ஆறாது. இது தோல் புற்றுநோயில் ஒரு வகையாக இருக்கலாம். உடம்பின் மற்ற இடத்துக்குப் பரவுவது அபூர்வம். ஆனால், விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துக்கொண்டே போகும். ஆரம்பத்தில் சின்ன அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிடும். நான்கு வாரம் ஆகியும் ஆறாத எந்தப் புண்ணையும் சதைப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. இதற்கு மூலிகைப் பற்று போட்டுக் காலம் கடத்துவதைச் சித்த மருத்துவனான நானே கண்டிக்கிறேன்.

சிவந்த திட்டு: வெயில் பட்டால் எரிகிறதா?

வட்டமாக, ஓரம் மட்டும் மேடாகி, நடுவில் தெளிந்து, விடாமல் அரித்தால் படர்தாமரை. கடந்த பத்து வருடங்களில் இது முன்பு மாதிரி லேசில் அடங்குவதில்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும் துண்டு, துணி எல்லாம் தனியாகத் துவைத்து வெயிலில் காயவேண்டும்.

மூக்குத் தண்டோடு இரண்டு கன்னமும் பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி சிவந்து, வெயில் பட்டால் அதிகமாகி, கூடவே மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால் தோலோடு நிற்கிற நோய் அல்ல அது. லூபஸ் என்று பெயர். 15 முதல் 45 வயதுப் பெண்களுக்கே அதிகம். சிறுநீரகம் வரை பாதிக்கும். ரத்தமும் சிறுநீரும் உடனே பரிசோதிக்கவேண்டும். இதிலேயே தோலோடு நிற்கும் ஒரு வகை உண்டு. கன்னத்திலும் காதிலும் செதிலோடு ஒட்டிய சிவப்புத் திட்டாக வந்து, நடுவில் வெளுத்துத் தழும்பாகும்.

கடை ட்யூப்: ஒரு வாரப் பளபளப்பு, வருடக்கணக்கில் வேதனை!

காரணம் புரியாத திட்டுகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் நோயே அல்ல, மருந்து! "மெடிக்கல்ல கேட்டேன், ஒரு ட்யூப் குடுத்தாங்க. போட்டதும் நல்லாருந்துச்சு. விட்டா மறுபடி வருது" என்ற இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டாலே புரிந்துவிடும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான நாளுக்கு டாக்டர் எழுதினால் அருமையான மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் தாமாகத் தடவினால் தோல் காகிதம் மாதிரி மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பரு பொங்கும், பெண்களுக்குக் கன்னத்தில் ரோமம் வளரும், வெயிலில் எரியும். படர்தாமரைக்குப் போட்டாலோ அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே சுகமாக வளரும். உருவமே மாறிப்போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே நாள்பட்டுப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும். தோல் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இதைவிட மோசம், தயாரிப்பாளர் முகவரியே இல்லாத சிவப்பழகு க்ரீம்கள். சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோல் வழியே ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் வெளுக்கிற க்ரீம் என்றாலே சந்தேகப்படுங்கள்.

"மூலிகைதானே, என்ன செஞ்சிரும்?"

நிறையச் செய்யும்! எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் உள்ள பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு. கார்போகரிசி வெண்புள்ளிக்கு எங்கள் நூல்களில் உள்ள நல்ல மருந்து. அதில் உள்ள சோராலின் என்ற பொருளைத்தான் நவீன மருத்துவமும் புற ஊதா ஒளியோடு சேர்த்து வெண்புள்ளிக்குப் பயன்படுத்தியது. வெயில் நேரம் தெரியாமல் இதை அரைத்து முகத்தில் பூசினால் கொப்புளம் எழும்பும். சேராங்கொட்டைப் பால், எருக்கம்பால், சுண்ணாம்பு... இவற்றை மருவும் மச்சமும் போக்குகிறேன் என்று முகத்தில் வைத்துப் புண்ணோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். பெயர், முத்திரை, தேதி இல்லாத டப்பாவில் 'சித்த மருந்து' என்று யார் தந்தாலும் வாங்காதீர்கள். பட்டம் பெற்ற மருத்துவரிடம், அனுமதி பெற்ற மருந்தாகக் கேளுங்கள்.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்?

* காரமான சோப்புக்குப் பதில் பாசிப்பயற்று மாவில் முகம் கழுவுங்கள். நார், படிக்கல் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும்.
* வறண்ட திட்டுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது அருகன் தைலம். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிக்காவிட்டால் முகத்துக்கு வரலாம்.
* உடம்பில் உள்ள படர்தாமரைக்கு வண்டுகொல்லி என்னும் சீமை அகத்தி நல்லது. களிம்பாகவே கிடைக்கிறது. முகத்துக்குக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.
* பருவையும் புள்ளியையும் கிள்ளாதீர்கள். நம் மாநிறத் தோலில் சின்னக் காயமும் கறுப்புத் தடம் விட்டுத்தான் ஆறும்.
* மாதம் ஒரு தடவை அதே ஜன்னல், அதே நேரம், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வளர்கிறதா, குறைகிறதா என்று டாக்டருக்குச் சொல்ல இதைவிடச் சாட்சி இல்லை.
* போட்ட ட்யூப், சாயம், க்ரீம், பொட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பல சமயம் குற்றவாளி அந்தப் பையில்தான் இருப்பார்!

உடனே டாக்டரிடம் போகவேண்டிய ஏழு அறிகுறிகள்

1. திட்டில் உணர்ச்சி குறைவு, அல்லது உடம்பில் வேறெங்காவது மரத்த திட்டு.
2. காது மடல் தடித்தல், புருவ ஓரத்தில் முடி உதிர்தல், கை கால் மரத்தல்.
3. நான்கு வாரத்தில் ஆறாத புண், அடிக்கடி ரத்தம் கசியும் பொருக்கு.
4. மச்சத்தின் அளவு, நிறம், வடிவம் மாறுதல்.
5. வெயிலில் சிவக்கும் திட்டோடு மூட்டு வலி, காய்ச்சல்.
6. வெண்புள்ளி வேகமாகப் பரவுதல்.
7. க்ரீம் போடுகிற காலத்தில் முகம், கால் வீங்குதல், சிறுநீர் நுரைத்துப் போதல்.

இதற்காகச் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பிக்கலாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அதற்கு மேல் தேவையென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.

திருமண வயதில் பெண்ணோ பையனோ இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வரன் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத் திட்டை மறைக்கக் கண்ட க்ரீமையும் வாங்கித் தராதீர்கள். மூன்று மாதம் பொறுத்து என்ன காரணம் என்று பார்த்து வைத்தியம் செய்தால் பெரும்பாலானவை குணமாகும். குணமாகாமல் நின்றாலும், வெண்புள்ளியோ மங்கோ ஒரு ஆளின் குணத்தையோ உழைப்பையோ தொடுவதில்லை. பிள்ளை கண்ணாடி முன்னால் அழுதுகொண்டிருந்தால், முதலில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். பிறகு மேலே சொன்ன ஜன்னல் வெளிச்சத்தில் திட்டை நிதானமாகப் பாருங்கள். நாளைக்கே ஒரு டாக்டரிடம் நேரம் கேளுங்கள். கடைக்காரரிடம் ட்யூப் கேட்காதீர்கள்.